சிங்கக் கூண்டுக்கு முன்னால் பதினொரு மணிக்கு

என்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள் சிங்கக் கூண்டுக்கு முன்னால் நிற்பார்கள் என்று ஏற்பாடு. காலை பதினொரு மணி. பையனின் அம்மா மாம்பழ நிறப் பட்டு கட்டியிருப்பார். பையன் கண்ணாடி போட்டிருப்பான். இவ்வளவும் எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் ஒரு வாரமாகத் தெரியும். எனக்குச் சொல்லப்பட்டது வேறு. திருவனந்தபுரத்துக்கு ஒரு நாள் போய் மிருகசாலை பார்க்கிறோம், அதே வளாகத்தில் மியூசியம் இருக்கிறது, அதையும் பார்க்கிறோம், சாயந்திரம் திரும்பிவிடுகிறோம். நானும் நம்பி, அந்த வாரம் முழுக்க அம்மாவுக்கு எடுபிடி வேலையெல்லாம் ஓடி ஓடிச் செய்தேன்.

இன்றைக்குள்ளவர்களுக்கு அந்த வழக்கம் தெரியாது. பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, பலகாரம் தின்று, பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தென்காசியில் ஒரு தெரு பாக்கி இல்லாமல் பேசுவார்கள். அதனால் சில குடும்பங்கள் பொது இடத்தில் வைத்துப் பார்க்கும். கோயில், தேரோட்டம், சீசன் நேரத்துக் குற்றாலம், இப்படி ஏதாவது. இரண்டு வீட்டாரும் தற்செயலாக அங்கே வந்தது போல நிற்க வேண்டும். யார், எந்த ஊர், என்ன பெயர் என்று கேட்கக் கூடாது. பிடித்திருந்தால் தரகர் வழியாகச் சொல்லி அனுப்புவார்கள். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை. பெண்ணின் பெயர் கெடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு, குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு ஓட்டை அதில் உண்டு. எதிரே நிற்கிறவர்கள் நாம் பார்க்க வந்தவர்கள்தானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழியே கிடையாது.

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் என் அத்தை, அப்பாவின் அக்கா. ஆலங்குளத்தில் இருந்தார். பிள்ளை வீட்டார் நாகர்கோவில்காரர்கள், திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவில் வியாபாரம், பையனுக்கு ஆபீஸ் உத்தியோகம். அத்தையும் அவர்களைப் பார்த்ததில்லை. தரகர் கொடுத்த ஜாதகத்தைப் பார்த்திருந்தார், அது அவருக்குப் போதும்.

அப்பாவுக்குத் தென்காசியில் பாத்திரக் கடை. அதற்கு முன் செங்கோட்டையில் வைத்திருந்தார். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரோடு இருந்ததால், அங்கே பள்ளிக்கூடம் போன நான் தமிழோடு மலையாளமும் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஊர் இந்தப் பக்கம் சேர்ந்த பிறகு கடை தென்காசிக்கு வந்தது, நாங்களும் வந்தோம். பள்ளி இறுதி முடித்து, நல்ல மார்க் வாங்கி, ஒரு வருஷமாக வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பாளையங்கோட்டைக்குப் போய் ஆசிரியப் பயிற்சி படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மரியாதைக்காக ஆசை என்று சொல்கிறேன், அது வெறி. விண்ணப்பம் போட இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அப்பாவிடம் எப்போது கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். அண்டாவுக்கு ஈயம் பூசித் தரச் சொல்லிக் கடைக்கு வருகிறவர்களிடமும் இதே பாக்கலாம்தான். அந்த அண்டாக்களில் பாதி, கடை மூலையில் வருஷக் கணக்காகக் கிடந்தன.

அத்தையோ பாக்கலாம் என்றுகூடச் சொல்லமாட்டார். "டிரெய்னிங் படிச்சவளுக்கு மாப்பிள்ளை எங்கன போய்த் தேடுவே? ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்குவியா?" என்று அப்பாவை அதட்டுவார். கடையில் பத்துப் பேரை ஒற்றைச் சத்தத்தில் அடக்கும் அப்பா, அத்தைக்கு முன்னால் மட்டும் வேட்டி நுனியைத் தேடுவார்.

அது ஆனி மாதம். சாரல் பிடித்துவிட்டது. விடியுமுன்னே வாடகைக் காரில் நாங்கள் நாலு பேரும், அப்பா, அம்மா, அத்தை, நான், புறப்பட்டு முதலில் குற்றாலம் போனோம். நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டுப் போக வேண்டும் என்று அத்தை சொன்னார். மிருகத்தைப் பார்ப்பதில் என்ன நல்ல காரியம் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பேரருவியில் தண்ணீர் தலையில் விழுந்த சுகத்தில் எல்லாம் மறந்துபோயிற்று.

குளித்து வந்து, நடுங்கிக்கொண்டே மாற்றுச் சேலைக்குக் கை நீட்டினேன். அம்மா பையிலிருந்து எடுத்தது மயில் கழுத்து நிறப் பட்டு.

"குரங்கைப் பாக்கதுக்குப் பட்டா?" என்றேன்.

"அங்கன குளிரும்ட்டி" என்றார் அம்மா.

திருவனந்தபுரத்தில் குளிருமாம். என் அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது, முகம் முழுக்க எழுதி ஒட்டியிருக்கும். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை மறைப்பதில் நம்பிக்கையில்லாதவர். "ஆமா, உன்னைப் பாக்கதுக்குத்தான் வாராவ. அதுக்கு இப்ப என்னட்டி?" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஈரத் தலையோடு அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து, நான் வரவில்லை, நீங்களே போய்ச் சிங்கத்துக்கு முன்னால் நில்லுங்கள் என்றேன். அம்மா பக்கத்தில் குனிந்து, "வந்து நில்லு. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு" என்றார். "பிடிக்கலைன்னு சொல்லுததுக்கு இவ யாரு?" என்றார் அத்தை. அதற்குள் ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார்.

"அப்பா, அப்பம் டிரெய்னிங்?" என்று நேராகவே கேட்டேன்.

அப்பா துண்டைத் தலையிலிருந்து எடுக்காமல் ரொம்ப நேரம் துவட்டினார். துண்டுக்குள்ளிருந்து "பாக்கலாம்" என்று சத்தம் வந்தது.

காரில் ஏறினேன். ஏறாவிட்டால் பட்டுச்சேலையோடு குற்றாலத்துக் குரங்குகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும், வேறு காரணமில்லை.

செங்கோட்டை தாண்டிப் புளியரை மேட்டில் கார் ஏறும்போது அத்தை விதிகளைச் சொல்ல ஆரம்பித்தார். மெல்ல நடக்கணும். தலையைக் குனியணும். பல் தெரியச் சிரிக்கக் கூடாது. முக்கியமாக, எங்கேயாவது எதையாவது எழுதிப் போட்டிருந்தால் வாயைத் திறந்து படிக்கக் கூடாது. எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. போகிற வழியில் கடைப் பலகை, மைல் கல், சுவரொட்டி, எதைக் கண்டாலும் சத்தம் போட்டு வாசித்துவிடுவேன். அத்தைக்கு அது பெண் பிள்ளைக்கு ஆகாத வியாதி. பிடிவாதத்துக்காக, ஆரியங்காவிலிருந்து தென்மலை வரைக்கும் ஒரு மலையாளப் பலகை விடாமல் உரக்கப் படித்துக்கொண்டே போனேன். டிரைவர் சிரித்தார். அப்பாவும் சிரித்ததாக நினைக்கிறேன், முன் சீட்டில் இருந்ததால் முகம் தெரியவில்லை.

குளத்துப்புழைக்குப் பக்கத்தில் காட்டுக்குள் கார் சூடேறி நின்றுவிட்டது. டிரைவர் தகர டின்னை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார். நாங்கள் இறங்கி நின்றோம். சரிவில் ஒரு யானை, தேக்குத் தடியைச் சங்கிலியில் இழுத்துக்கொண்டு வந்தது. பாகன் மேலே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். தடி ஒரு பாறையில் இடித்து நின்றதும் அந்த யானை திரும்பிப் பார்த்து, தும்பிக்கையால் தடியின் நுனியைத் தூக்கி, கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு மறுபடி இழுத்தது. அப்பா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கடையில ஆளுக்கு இந்தப் புத்தி இல்லையே" என்றார். அத்தைக்கு யானை ஒரு பொருட்டில்லை, மணி கேட்டுக்கொண்டே இருந்தார். அங்கே முழுசாக ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. மிருகசாலை வாசலில் போய் இறங்கியபோது உச்சி வெயில், மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது.

அத்தை ஓட்டமும் நடையுமாக எங்களை இழுத்துக்கொண்டு சிங்கக் கூண்டுக்குப் போனார். போனதும் அவர் பிடி என் முழங்கையில் இறுகியது. கூண்டுக்கு முன்னால் மாம்பழ நிறப் பட்டில் ஒரு அம்மாள். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு ஆள்.

"அவியதான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "தலையைக் குனி."

குனிந்தேன். சிங்கம் எங்களுக்கு முதுகைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த முதுகையே இரண்டு குடும்பமும் ரொம்ப நேரம் பார்த்தோம். அப்பா தொண்டையைச் செருமினார். அம்மா என் சேலைத் தலைப்பை இல்லாத அழுக்குக்குத் தட்டிவிட்டார். கடைசியில் அந்த அம்மாள்தான் பேசினார், அதுவும் நேராக என்னிடம்.

"மக்ளே, இந்தப் பலகையில என்ன எழுதிக் கெடக்கு? இவனுக்கும் மலையாளம் வராது, எனக்கு எந்த எழுத்தும் வராது."

நான் அத்தையைப் பார்த்தேன். காலையில் போட்ட விதி ஒரு பக்கம், சம்பந்தி கேட்டது ஒரு பக்கம். அத்தையின் முகம் பட்ட பாடு இருக்கிறதே. பிறகு தலையை வேகமாக ஆட்டி, "படி, படி" என்றார்.

படித்தேன். சிங்கம் எந்தக் காட்டில் இருக்கும், என்ன தின்னும், எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும் என்று பலகையில் இருந்தது முழுவதையும் தமிழில் சொன்னேன். அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். "அடுத்ததுக்கு வா மக்ளே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு புலிக்குப் போனார். புலியிலிருந்து கரடி, கரடியிலிருந்து மான், மானிலிருந்து பாம்பு. ஒவ்வொரு இடத்திலும் நான் படிக்க, அவர் ஏதாவது ஒரு கேள்வி கேட்க, தெரிந்ததை நான் சொல்ல, கண்ணாடிக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டே வந்தார்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். அத்தையிடம் ஒதுங்கிக் கேட்டேன். "திருவனந்தபுரத்துல யாவாரம் பண்ணுதவுகளுக்கு மலையாளம் படிக்கத் தெரியாதா?"

"போட்டி கிறுக்கி. உன்னைச் சோதிக்காவ" என்றார் அத்தை.

மரத்தடியில் விரிப்பைப் போட்டு அம்மா புளிச்சாதத்தைப் பிரித்தார். தெரியாதவர்கள் என்கிற பாவனை கெடாமல், "எல்லாரும் சாப்பிடுத நேரந்தானே, ஒரு வாய் சாப்பிடுங்க" என்று அவர்களையும் உட்கார வைத்தார். அப்பாவும் கண்ணாடிக்காரரும் தள்ளி உட்கார்ந்து என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் இரண்டாவது தடவை துவையல் கேட்டபோது அத்தை என் தொடையில் கிள்ளினார். காரியம் முடிந்தது என்று அர்த்தம்.

அந்த அம்மாளை எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் பெரிய வேதனை. எரிச்சல் மூட்டுகிற மாமியாராக இருந்தால் சண்டையாவது போடலாம். இவர் வேண்டும் என்று சொல்லிவிடுவார், அப்பா சரி என்று தலையாட்டுவார், பாளையங்கோட்டை அதோடு முடிந்தது. அன்றைக்கு ஒழுங்காகத் தலையைக் குனிந்து வாயை மூடிக்கொண்டு நடந்திருந்தால் ஒருவேளை வேண்டாம் என்றிருப்பார்கள். வாசித்து வாசித்து என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேனே என்று நொந்துகொண்டேன்.

சாப்பிட்டு முடித்து மியூசியத்துக்குள் போனோம். வெளியில் வெயில் கொளுத்த, உள்ளே குளுகுளுவென்று இருந்தது. வெண்கலச் சிலைகள், யானைத் தந்தத்தில் செதுக்கிய பொம்மைகள், மரத்தேர், பழைய வாள்கள், ராஜாக்கள் காலத்துக் காசுகள். அப்பா ஒரு வெண்கல விளக்கைக் கண்டதும் தன்னை மறந்து விரல் முட்டியால் தட்டிச் சத்தம் கேட்டார். கடையில் எந்தப் பாத்திரத்தையும் அப்படித்தான் பார்ப்பார். காவலாளி பாய்ந்து வந்து மலையாளத்தில் திட்டினான். அப்பா அவனிடம், "வார்ப்பு சுத்தம். ஒரு பொத்தல் இல்லை" என்று தமிழில் சான்றிதழ் கொடுத்தார்.

அந்த அம்மாளும் நானும் முன்னால் போய்க்கொண்டிருந்தோம். தந்தத் தொட்டில் ஒன்று, உள்ளங்கை அளவுதான் இருக்கும், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எம் மருமவ இருந்தா இதை விட்டு நகரமாட்டா. பேறுகாலத்துக்கு அம்மை வீட்டுக்குப் போயிருக்கா. ஆம்பளப் பிள்ளை. இன்னும் பதினாறு நாளு ஆகலை."

நான் திரும்பிப் பார்த்தேன். "உங்களுக்கு எத்தனை மக்க?"

"இவன் ஒருத்தன்தான் மக்ளே" என்று கண்ணாடிக்காரரைக் காட்டினார். "வள்ளியூருல இருந்து இங்க ஒரு வைத்தியரைப் பாக்க வந்தோம். வந்த எடத்துல இதையும் பாத்துட்டுப் போவோம்னான்."

பின்னால் அத்தை, கோட்டையைப் பிடித்த முகத்தோடு அசைந்து வந்துகொண்டிருந்தார். நான் அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு வெட்கமும் இல்லை. என்னைப் பற்றிய விஷயத்தை என்னிடமே ஒரு வாரம் மறைத்தவர்களிடம் நான் ஒரு மணி நேரம் மறைத்தால் என்ன குடி முழுகிவிடும்?

மறைக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். இதை வைத்து என்ன செய்யலாம் என்பது அதற்கப்புறம் தோன்றியது. அதற்கு வழி செய்தது ஒரு பள்ளிக்கூடத்துக் கூட்டம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்த முப்பது பிள்ளைகள், கூட ஒரு டிரில் மாஸ்டர். பலகைகள் இங்கிலீஷிலும் மலையாளத்திலும் இருந்தன. டிரில் மாஸ்டர் இங்கிலீஷைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தார். நான் வாள்களுக்கு முன்னால் நின்று அந்த அம்மாளுக்குப் படித்துச் சொன்னதைக் கேட்டு, இரண்டு பிள்ளைகள் கிட்டே வந்தன. பிறகு ஐந்து. பிறகு மொத்தமும் வந்துவிட்டது. பின்னால் இருந்த குள்ளப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்று நானே அவர்களை முன்னால் உட்காரவைத்து, உயரமானவர்களைப் பின்னால் நிறுத்தினேன். யாரும் சொல்லித்தந்து செய்யவில்லை. ஒரு காசைக் காட்டி, "இதுல என்ன படம் இருக்கு, யார் சொல்லுவீங்க?" என்று கேட்டேன். முப்பது கையும் உயர்ந்தன.

டிரில் மாஸ்டர் பின்னாலிருந்து, "டீச்சர், கொஞ்சம் சத்தமா" என்றார்.

டீச்சர். என் வாழ்க்கையில் அந்தச் சொல்லை என்னைப் பார்த்து ஒருவர் சொன்னது அதுதான் முதல். பட்டுச்சேலைக்குள் எனக்குப் புல்லரித்தது. சத்தத்தைக் கூட்டினேன். மரத்தேருக்கு நான் நடந்தால் கூட்டம் பின்னால் வந்தது, சிலைக்கு நடந்தால் சிலைக்கு வந்தது. காவலாளிகூடக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். தலையைக் குனிய வேண்டும் என்பதையே மறந்துவிட்டேன்.

முடிந்ததும் அந்த அம்மாள் என் மோவாயைப் பிடித்து, "நீ எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுக்கே?" என்று கேட்டார். சமயம் இதுதான் என்று பட்டது.

"இல்லம்மா. டிரெய்னிங் படிக்கணும்னு இருக்கு. அப்பா பாக்கலாம் பாக்கலாம்னே சொல்லுதாவ. நீங்க ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. நீங்க கேட்டா பதில் சொல்லுவாவ."

அப்பாவும் அத்தையும் அவரைச் சம்பந்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சம்பந்தி படிப்பை மெச்சினால் அப்பாவால் மறுக்க முடியாது, அத்தையால் வாய் திறக்க முடியாது. இதுதான் என் கணக்கு. அந்த அம்மாள் சுற்றி வளைக்கிறவர் இல்லை. நேராக அப்பா முன்னால் போய் நின்றார்.

"அண்ணாச்சி, இந்தப் பிள்ளையை என்ன செய்யப் போறிய?"

அத்தை அப்பாவுக்குக் கண்ணால் சாடை காட்டினார். அப்பா அதைப் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். என்னைச் சுற்றி இன்னும் கலையாமல் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். இப்போது பாக்கலாம் வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"பாளையங்கோட்டைக்கு அனுப்பப் போறேன்" என்றார். "வாத்தியாருக்குப் படிக்கதுக்கு. இந்த வருசமே."

அந்த அம்மாள், "நல்லாயிருப்பா" என்று என் தலையில் கையை வைத்தார். அத்தையின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. நான் ஜெயித்துவிட்டேன். சிலைக்கு எதிரே நின்று மனசுக்குள் குலவை போட்டேன்.

அவர்கள் விடைபெற்றுப் போன பிறகு நாங்கள் வாசலுக்கு வந்தோம். அங்கே தரகர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, எங்கன போயிட்டிய? பிள்ளை வீட்டுக்காரவ பதினோரு மணிக்கே வந்துட்டாவ. சிங்கத்துக்கிட்ட ஒரு மணி நேரம் நின்னு பாத்துட்டு, வெயில் தாங்காம நீர்யானைக் குளத்துக்கிட்ட போய் உக்காந்திருக்காவ. வாங்க, வாங்க!"

அவர் கை காட்டிய பக்கம் பார்த்தேன். தூரத்தில் மரநிழலில் மாம்பழ நிறத்தில் இன்னொரு பட்டு. ஒரு அம்மாள் செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்ட ஒரு பையன் கடலை தின்றுகொண்டிருந்தான். பாவம், நல்ல பையனாகக்கூட இருந்திருக்கலாம்.

அத்தைக்கு விஷயம் உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும் பொரிந்தார். "அப்பம் அவ யாரு? ஏலே தம்பி, யாரோ எவளோ கிட்டயா படிக்க வைக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தே? சரி, அது கெடக்கட்டும், ஊருல தெரியாது. இவளைக் கூட்டிட்டு வா, குளத்துப் பக்கமா ஒருக்க நடந்துட்டு வருவோம்."

இதுவரை போட்ட கணக்கெல்லாம் சம்பந்திக்குப் பயந்து அப்பா சொன்ன வார்த்தையில்தான் நின்றது. சம்பந்தியே இல்லை என்று ஆன பிறகு அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு? தரகர் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தார். அப்பா நகரவில்லை.

"பொண்ணு படிக்கப் போறா. அவியகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிரும்" என்றார்.

"யாருன்னே தெரியாத ஆளுட்டல்லாலே சொன்னே!" என்று அத்தை கத்தினார்.

"கேட்டது யாரா இருந்தா என்னக்கா? சொன்ன வாயி என் வாயிதானே" என்றார் அப்பா. அத்தையிடம் அவர் எதிர்த்துப் பேசி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வேட்டி நுனியையும் தேடவில்லை. காரில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் என் கையை நெரித்தார். அத்தை ஆரியங்காவு வரைக்கும் பேசவில்லை. ஆரியங்காவில் டீ வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து, தகரப் பெட்டியும் படுக்கையுமாக அப்பாவும் நானும் தென்காசியில் பஸ் ஏறினோம். ஆலங்குளத்தில் பஸ் நின்றபோது அத்தை காத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக ஒரு டப்பா முந்திரிக்கொத்தை என் மடியில் வைத்து, பஸ் முழுவதற்கும் கேட்கும்படி, "எம் மருமவ வாத்திச்சிக்குப் படிக்கப் போறா. வழியில பத்திரமா எறக்கி விடும்யா" என்று கண்டக்டருக்கு உத்தரவு போட்டார். பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

பஸ் கிளம்பியதும் அப்பாவும் நானும் சிரித்தோம். பணம் கட்டியாயிற்று, விடுதியில் இடம் கிடைத்தாயிற்று, இனி அப்பாவே நினைத்தாலும் திருப்ப முடியாது என்ற தைரியத்தில் வாயைத் திறந்தேன்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அவிய பிள்ளை வீட்டுக்காரவ இல்லைன்னு எனக்கு முன்னாலேயே தெரியும். மருமவ பேறுகாலத்துக்குப் போயிருக்கான்னு மியூசியத்துல வச்சு அந்தம்மா சொல்லிட்டாவ. தெரிஞ்சுதான் அவியளை உங்ககிட்ட கேக்கச் சொன்னேன்."

அப்பா டப்பாவைத் திறந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக் கடித்தார்.

"எனக்குச் சாப்பிடும்போதே தெரியும்" என்றார். "அந்தத் தம்பி என்ன யாவாரம்னு கேட்டான். பாத்திரக் கடைன்னேன். பிள்ளைக்குப் பால் புகட்டுததுக்கு வெள்ளிச் சங்கு நல்லதா, பித்தளைச் சங்கு நல்லதான்னு கேட்டான். கல்யாணம் ஆகாதவன் சங்கு கேப்பானா?"

சுதாரித்துக்கொண்டு கேட்டேன். "பொறவு எதுக்குப்பா அந்தம்மாகிட்ட அப்படிச் சொன்னிய?"

"சம்பந்தி கேட்டிருந்தா பாக்கலாம்னுதான் சொல்லியிருப்பேன். இவ யாரோ. யாரோ கேக்கும்போது மனசுல உள்ளது வந்துட்டு." இன்னொரு முந்திரிக்கொத்தை எடுத்தார். "அத்தனை பிள்ளைய உன் வாயையே பாத்துக்கிட்டு நிக்கு. அடுத்த பலகையில என்ன எழுதியிருக்குன்னு கேக்கணும்னு எனக்கே ஆசையா இருந்துச்சுட்டி."

எங்கள் வீட்டில் அந்த வயதுப் பெண் அப்பாவைத் தொட்டுப் பேசும் வழக்கமில்லை. பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பாளையங்கோட்டை வருகிறவரை, வழியில் வந்த ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் அவருக்குச் சத்தமாக வாசித்துக்கொண்டே போனேன்.